வாசகர் கேள்வி – பதில்: காமலாபுரம் டு மீனம்பாக்கம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

லீவு நெருங்கினாலே இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் பாதி பயணம் பற்றியதாகத்தான் இருக்கும். இந்தத் தடவை சேலம், ஏற்காடு பக்கமிருந்து விமானக் கேள்விகள் கொஞ்சம் தூக்கலாகவே வந்திருக்கின்றன, அதனால் அவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். (வெளியூர்க்காரர்களுக்கு: சேலம் ஏர்போர்ட் இருப்பது காமலாபுரத்தில், சென்னை ஏர்போர்ட் இருப்பது மீனம்பாக்கத்தில்.) முதுகுவலிக்கும் மருமகளுக்கும் வழி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் ஏர்போர்ட்டுக்கும் சென்னை ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினால் ஒரு இடத்தில் 165, இன்னொரு இடத்தில் 143, வேறொரு இடத்தில் 265 என்று வருகிறது. பஸ்ஸில் போனால் 340 கிலோமீட்டர் என்கிறார்கள். எதைத்தான் நம்புவது?
— வாசகர், சூரமங்கலம்

எல்லாவற்றையும் நம்பலாம் சார். 265 என்பது கிலோமீட்டர். அதையே மைலில் சொன்னால் 165, விமானக்காரர்களும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் நாட்டிகல் மைலில் சொன்னால் 143. ஒரு நாட்டிகல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், போட்டு வகுத்துப் பாருங்கள், ஒன்று இரண்டு முன்னே பின்னே சரியாக வரும். எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அலகைப் பொடி எழுத்தில் போடுகிற வழக்கத்தால் வந்த குழப்பம்தான் இது.

அப்புறம் அந்த 340. அது தரையில் போகிற தூரம். வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று ஊர் ஊராக வளைந்து போவதால் கூடுகிற 75 கிலோமீட்டர். இதில் கவனிக்க வேண்டியது, விமானமும் அந்த 265-ஐ அப்படியே பறப்பதில்லை. கிளம்பிய திசையிலிருந்து திரும்ப வேண்டும், குறித்த வான்பாதையில் சேர வேண்டும், சென்னையில் எந்தப் பக்கத்திலிருந்து இறங்கச் சொல்கிறார்களோ அந்தப் பக்கம் சுற்றி வர வேண்டும். ஆக 265 என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்த கணக்கு. அதைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் அதை வைத்து நீங்கள் எப்போது வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது.

அந்த 265 கிலோமீட்டரை மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் அரை மணியில் தாண்டிவிடாதா? டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்களே, ஏன்?
— வாசகர், ஓமலூர்

உங்கள் வகுத்தல் சரி. 265-ஐ 500-ஆல் வகுத்தால் 32 நிமிடம். ஆனால் சேலத்துக்கு வருகிற ஏ.டி.ஆர். 72 என்கிற காற்றாடி விமானம் அந்த 500-ஐ நடுவழியில் மட்டும்தான் தொடும். ஏறும்போது மெதுவாக ஏறும், இறங்கும்போது அதைவிட மெதுவாக இறங்கும், இவ்வளவு குட்டிப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி. எனவே ஆகாயத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் பக்கம் ஆகிவிடும்.

மீதி நேரம் தரையில் போகிறது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் சக்கரம் மேலே தூக்கியதிலிருந்து கீழே தொட்டது வரை இல்லை. நின்ற இடத்திலிருந்து வண்டி நகர ஆரம்பித்த நிமிடத்திலிருந்து, சென்னையில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு பிரேக் போடுகிற நிமிடம் வரை. காமலாபுரத்தில் ஓடுபாதைக்குப் போவது பெரிய வேலை இல்லை, அங்கே முன்னால் வரிசையில் நிற்க வேறு விமானம் இருந்தால்தானே. சென்னை அப்படி இல்லை. முன்னால் இரண்டு பெரிய ஜெட் இறங்க வேண்டுமென்றால் உங்களை மேல்மருவத்தூர் பக்கமோ எங்கேயோ ஆகாயத்தில் ஒரு ரவுண்டு சுற்றிவிட்டு வரச் சொல்வார்கள், இறங்கின பிறகு ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடத்துக்குப் போகிற டாக்ஸிவேயில் ஐந்து பத்து நிமிடம் ஊர்ந்துகொண்டே போகும். இதற்கெல்லாம் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைப்பது எல்லா விமானக் கம்பெனிகளும் செய்வதுதான், அப்போதுதான் தாமதமாகக் கிளம்பினாலும் "சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம்" என்று மைக்கில் சொல்ல முடியும்.

நான் மாதம் ஒரு தடவை சென்னை போகிறவள். விமானமா, ரயிலா? மகன் விமானம் என்கிறான், வீட்டுக்காரர் வந்தே பாரத் என்கிறார். நேரம் மட்டும்தான் எனக்கு முக்கியம், காசை விடுங்கள்.
— வாசகி, அஸ்தம்பட்டி

காசை விடச் சொல்லிவிட்டீர்கள், சந்தோஷம், கணக்கு சுலபமாகிவிட்டது.

அஸ்தம்பட்டியிலிருந்து காமலாபுரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஐந்து ரோடு நெரிசல், ஓமலூர் மெயின் ரோடு எல்லாம் சேர்த்து 40, 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள், அதனால் ஒன்றேகால் மணி நேரம் முன்னால் அங்கே இருந்தாக வேண்டும். ஆக விமானம் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வாசலில் செருப்பை மாட்ட வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கி, பஸ் பிடித்து டெர்மினலுக்கு வந்து, பெட்டி வருகிறதா என்று அந்த பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்று, வெளியே வர அரை மணி நேரம். அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் போக மெட்ரோவில் 40 நிமிடம் பக்கம். கூட்டினால் நாலு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

வந்தே பாரத் சேலம் ஜங்ஷனிலிருந்து சென்ட்ரலுக்கு மூன்றரையிலிருந்து நாலு மணி நேரம். அஸ்தம்பட்டியிலிருந்து ஜங்ஷன் அரை மணி. பத்து நிமிடம் முன்னால் போய் நின்றால் போதும், பெட்டியை யாரும் வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை. கூட்டினால் அதுவும் நாலரை மணி நேரம் பக்கம் வந்து நிற்கிறது. எனவே வீட்டில் சண்டை வேண்டாம், இரண்டுக்கும் பத்து இருபது நிமிடம்தான் வித்தியாசம், அதுவும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பக்கம் சாயும்.

முடிவு செய்ய வேண்டியது சென்னையில் நீங்கள் போகிற இடத்தை வைத்துத்தான். குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம், வேளச்சேரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு விமானம். பெரம்பூர், புரசைவாக்கம், எழும்பூர் என்றால் ரயில். மகன் எங்கே வீடு எடுத்திருக்கிறான், வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள், இருவரும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது விளங்கிவிடும். காலையில் சென்னையில் வேலை என்றால் இரண்டும் வேண்டாம், ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும் முன்னே சென்ட்ரலில் எழுப்பிவிடுவார்கள். அந்தப் பயணத்தின் நேரம் தூக்கத்தில் போவதால் அதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஹைதராபாத் என்றால் நிலைமையே வேறு. சேலத்திலிருந்து நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ரயிலில் ஒரு ராத்திரியும் சொச்சமும். அங்கே விமானத்துக்குத்தான் ஓட்டு. 2023 அக்டோபரில் சேலத்தில் விமானப் போக்குவரத்து மறுபடி தொடங்கியபோது பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று விட்டார்கள், ஆனால் என்றைக்கு எது ஓடுகிறது என்பது அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் போடும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள், போன மாதம் போனவர் சொன்னதை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் வீடு. போனில் அளந்தால் இங்கிருந்து ஏர்போர்ட் 16 கிலோமீட்டர் என்கிறது. கார்க்காரர் 50 கிலோமீட்டருக்குக் காசு கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?
— வாசகர், ஏற்காடு

ஏமாற்றவில்லை, அவரை விட்டுவிடுங்கள். ஏற்காட்டுக்கு நேர் மேற்கே, கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கிறது காமலாபுரம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் 15, 16 கிலோமீட்டர்தான் வரும். ஆனால் அந்தக் கோடு உங்கள் காபித் தோட்டத்து விளிம்பிலிருந்து அந்தரத்தில் போகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர், ஏர்போர்ட் சுமார் 300 மீட்டர். அந்த 1,200 மீட்டரை இறங்கத்தான் இருபது கொண்டை ஊசி வளைவு போட்டிருக்கிறார்கள். மலைக்குத் தெற்கே அடிவாரம் வந்து, கோரிமேடு வழியாக ஊருக்குள் நுழைந்து, பிறகு வடமேற்கே ஓமலூர் பக்கம் திரும்பிப் போக வேண்டும். ஏறக்குறைய ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கத்தைச் சுற்றுகிறீர்கள், நடுவில் மலை இறக்கம் வேறு.

நேரத்துக்கு ஒன்றரை மணி போதும் என்று சிலர் சொல்வார்கள், சாதாரண நாளில் போதும்தான். சனி ஞாயிறு மாலையில் டூரிஸ்ட் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கும்போது ஒரு வளைவில் ஒரு பஸ்ஸும் ஒரு புது டிரைவரும் எதிரெதிரே நின்றுவிட்டால் முடிந்தது கதை. மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று திருப்பி விடுவதும் உண்டு. குப்பனூர் இறங்கினால் நீங்கள் சேலத்துக்குக் கிழக்கே வந்து நிற்பீர்கள், ஏர்போர்ட் அந்தப் பக்கம், அதற்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். விமானம் பறக்கிற ஒரு மணி நேரத்துக்காக மலையிலிருந்து இரண்டரை மணி நேரம் முன்னால் காரில் ஏறுங்கள், கவுண்டருக்குத் தனியாக ஒன்றேகால் மணி நேரம். ஆமாம், பறப்பதைவிட இறங்குவதுதான் நீளம்.

கணவர் துபாயில் இருக்கிறார். முதல் தடவையாகப் போகிறேன். பெங்களூரில் காலை 10 மணிக்குக் கிளம்பி பகல் 12.30-க்கு துபாய் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது மதியம் 2 மணிக்குக் கிளம்பி இரவு 7 மணிக்கு பெங்களூர். போக இரண்டரை, வர ஐந்து. ஒரே தூரத்துக்கு இது எப்படி?
— வாசகி, தாரமங்கலம்

பயப்படாதீர்கள் அம்மா, டிக்கெட் சரியாகத்தான் இருக்கிறது. விமான டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான் இருக்கும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 12.30 என்றால் தாரமங்கலத்தில் மதியம் 2 மணி, ஆகவே போக நாலு மணி நேரம். அங்கே மதியம் 2 என்றால் இங்கே மாலை 3.30, ஆகவே வர மூன்றரை மணி நேரம். தூரம் சுமார் 2,700 கிலோமீட்டர், அதற்கு இது சரியான நேரம்தான்.

நேர வித்தியாசம் எவ்வளவு என்று ஞாபகம் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் டிக்கெட்டில் தெரிகிறபடியே கூட்டிப் பாதியாக்குங்கள். இரண்டரையும் ஐந்தும் ஏழரை, பாதி மூணே முக்கால். ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடிவிடுவதால் சராசரி சரியாக வந்துவிடும். சிங்கப்பூர், லண்டன், எந்த ஊருக்கும் இது செல்லும், இடையில் எங்கும் இறங்கி மாறாத நேர் விமானமாக இருந்தால் போதும்.

அப்படியும் அரை மணி வித்தியாசம் இருக்கிறதே என்பீர்கள். அது காற்று, அதைக் கீழே ஆத்தூர்த் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டியது. அடுத்த தடவை நள்ளிரவு டிக்கெட் வந்தால் தேதியை இரண்டு தடவை படியுங்கள். "15-ஆம் தேதி 00.40" என்று போட்டிருந்தால் 14-ஆம் தேதி சாயங்காலமே சேலத்திலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய் நிற்கிறவர்கள் ஒவ்வொரு ஏர்போர்ட்டிலும் இருக்கிறார்கள், விமானம் கிளம்பி ஒரு நாள் ஆகியிருக்கும்.

பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. அப்படியானால் மேற்கே போகிற விமானத்துக்கு துபாய் தானாகவே எதிரே வர வேண்டும், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். ஆனால் மேற்கே போகத்தான் அதிக நேரம் ஆகிறது. எங்கள் சாரிடம் கேட்டேன், அப்புறம் சொல்கிறேன் என்றார்.
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், ஆத்தூர்

சார் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம் தம்பி. சேலம் இருக்கிற இடத்தில் பூமி மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே ஓடுகிறது. ஆனால் காற்றும் அதோடு சேர்ந்துதான் ஓடுகிறது, அந்தக் காற்றில் மிதக்கிற விமானமும் அப்படியே. ஓடுகிற ரயிலுக்குள் நீ மேலே குதித்தால் பின்னாடி இருக்கும் பெட்டியில் போய் விழுவதில்லை அல்லவா, அதேதான்.

காற்று பூமியோடு சேர்ந்து ஓடினாலும் எல்லா உயரத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அங்கேதான் விஷயம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடை ஒன்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் எல்லாம் அதற்குச் சாதாரணம். கிழக்கே வருகிற விமானத்தை அது தள்ளிவிடும், மேற்கே போகிறதை எதிர்த்து நிற்கும். துபாயிலிருந்து வரும்போது அரை மணி மிச்சமாவது இதனால்தான்.

நம் தலைக்கு மேலே ஒரு வேடிக்கை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே அந்த ஓடை தலைகீழாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். 1950-களில் அதை விளக்கி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம். அது பலமாக இருப்பது 15 கிலோமீட்டர் உயரத்தில், பயணி விமானங்கள் அதற்குக் கீழேயே பறப்பதால் முழு வேகமும் அவற்றின்மேல் படாது.

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பதே எப்போதும் உண்மை இல்லை, அதற்கும் ஓர் உதாரணம் எழுதி வைத்துக்கொள். டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா முதலில் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பிப் பசிபிக் கடல் வழியாக விட்டார்கள், சுமார் 15,300 கிலோமீட்டர். கூடுதலாக 1,400 கிலோமீட்டர், ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்விட்டது, பழைய வழியைவிட இரண்டு மணி நேரம் போலக் குறைவு. எல்லாம் பின்னாலிருந்து தள்ளிய காற்றின் புண்ணியம். சாருக்கும் சொல்லு.

பெங்களூர்–அமெரிக்கா விமானம் வட துருவம் பக்கமாகப் போனதாகப் படித்தேன். மேப்பில் பார்த்தால் அது பெரிய சுற்று. நேராகக் கோடு போட்ட மாதிரி போகக் கூடாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, செவ்வாய்பேட்டை

டீச்சர், உங்கள் பள்ளிக்கூடத்தில் உருண்டை குளோப் ஒன்று இருந்திருக்கும். அதில் பெங்களூரில் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு மறு முனையை சான்ஃபிரான்சிஸ்கோ வரை தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே மேலே ஏறி வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதுதான் நேர்வழி. சுவரில் மாட்டுகிற மேப் உருண்டையைத் தட்டையாக்கியது, வடக்கே போகப் போக எல்லாவற்றையும் அகலப்படுத்திக் காட்டும், அதனால்தான் நேர்வழி வளைந்தும் வளைந்த வழி நேராகவும் தெரிகிறது.

பெங்களூர் கிழக்குத் தீர்க்கரேகை 78-ஐ ஒட்டி இருக்கிறது, சான்ஃபிரான்சிஸ்கோ மேற்கு 122. இரண்டையும் கூட்டினால் 200, நேர் எதிர்ப்பக்கம் என்றால் 180. அதாவது ஒன்று பூமியின் இந்தப் பக்கம், மற்றது கிட்டத்தட்ட அந்தப் பக்கம். அப்படி இருக்கும் இரண்டு ஊருக்கு நடுவே குறுக்குவழி துருவத்தின் பக்கமாகத்தான் போகும். தூரம் கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த நேர் விமானத்தைத் தொடங்கியபோது, சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்துக்கு மேலாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தவர்கள் எல்லோருமே பெண் விமானிகள், ஏறத்தாழ 17 மணி நேரம். நீங்கள் படித்தது அதுவாகத்தான் இருக்கும்.

போனில் இரண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவே தூரம் கேட்டால் வருவதும் இந்த நூல் கணக்குதான். ஆனால் நூலுக்கு நாட்டு எல்லை தெரியாது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடி ஜூலையில்தான் திறந்தது. அந்த மாதங்களில் டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக் கடல் மேலாகச் சுற்றிப் போயின. டெல்லி–இஸ்தான்புல் போன இண்டிகோ விமானம் பெட்ரோல் போட தோஹாவில் நிறுத்திப் போனது. (விமானத்துக்குப் போடுவது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் வகை என்று யாராவது கடிதம் எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.) ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன, எந்த இணையதளமும் தூரத்தை மாற்றவில்லை, பயண நேரம் மட்டும் கூடிவிட்டது.

மகள் பெங்களூரிலிருந்து ஜெர்மனி போகிறாள். சேலத்திலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் போய் மாறலாமா, காரிலேயே போய்விடலாமா?
— வாசகர், குகை

நேர்கோட்டில் காமலாபுரத்திலிருந்து பெங்களூர் ஏர்போர்ட் 160 கிலோமீட்டர்தான், ரோட்டில் 240 பக்கம். விமானத்தில் பறக்கும் நேரம் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். கேள்வி அது இல்லை. ஒரே டிக்கெட்டாக, சேலம்–பெங்களூர்–ஜெர்மனி என்று ஒரே பதிவு எண்ணில் கிடைத்தால் தாராளமாக விமானம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு யாருக்கும் கிடையாது. சேலத்து விமானம் ரத்தானால் ஜெர்மனி டிக்கெட்டுக்குப் போட்ட பணம் போச்சு, பெங்களூரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், டெர்மினல் மாற வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விமானம் வருகிற ஊரில் அடுத்த விமானத்தில் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தனித்தனி டிக்கெட் என்றால் நான் காரைத்தான் சொல்வேன்.

காரில் போவதென்றால் தூரத்தை வைத்து நேரம் போடாதீர்கள். ஓசூர் வரை மூன்று மணி நேரம், தொப்பூரில் லாரி எதுவும் கவிழாமல் இருந்தால். ஏர்போர்ட் இருப்பது பெங்களூருக்கு வடக்கே, நீங்கள் நுழைவது தெற்கே. நடுவில் சில்க் போர்டு, ஹெப்பால் என்கிற நெரிசல் சந்திப்புகள். சாயங்காலம் என்றால் இந்த ஊரைத் தாண்டவே இரண்டு மணி நேரம் போகும், மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். தெரிந்த டிரைவர்கள் ஊருக்குள் போகாமல் ஹொஸ்கோட்டை, பூதிகெரே வழியாகக் கொண்டுபோய் விடுவார்கள், ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மகள் தனியாக பஸ்ஸில் போவதென்றால் எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இறங்கி அங்கிருந்து வாயு வஜ்ரா ஏ.சி. பஸ் பிடிக்கலாம், ஏர்போர்ட்டுக்கே போகும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும், எனவே சேலத்தில் கிளம்ப வேண்டியது விமான நேரத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்னால். சீக்கிரம் போய்விட்டால் உட்கார்ந்து தட்டுவடை செட்டைச் சாப்பிடட்டும்.

சேலத்துக்குப் பெரிய ஜெட் விமானம் எப்போது வரும்?
— வாசகர், மேச்சேரி

ஓடுபாதை நீளமானால் வரும். இப்போது இருப்பது சுமார் 1,800 மீட்டர், ஏ.டி.ஆருக்குத் தாராளம், ஆள் நிரம்பிய ஏர்பஸ்ஸுக்குப் பற்றாது. நம் ஊர் வெயிலும் ஒரு காரணம், சூடான காற்று இலேசாக இருக்கும், இறக்கை தூக்குவதற்கு அதிக வேகம் வேண்டும், அந்த வேகத்துக்கு அதிக நீளம் வேண்டும். நீட்டுவதற்கு நிலம் வேண்டும். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் தங்கள் நிலத்தை விட முடியாது என்று போராடியதை நீங்கள் மேச்சேரியில் இருந்துகொண்டு பார்த்திருப்பீர்கள். 1993-இல் திறந்து, பல வருடம் விமானமே வராமல் கிடந்து, 2018-இல் வந்து, 2021-இல் நின்று, 2023-இல் மறுபடி வந்த நிலையம் இது. இருக்கிற குட்டி விமானம் நிற்காமல் ஓடினாலே எனக்குப் போதும். விளைகிற நிலத்தை எடுத்து ஓடுபாதை போட்டுவிட்டு, பிறகு விமானம் வராமல் போனால் அந்த நிலம் யாருக்கு ஆகும்?

எனக்கு ஏற்காடு மலை ஏறினாலே காது அடைக்கும். மகன் சிங்கப்பூர் கூப்பிடுகிறான், நாலு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் தாங்குவேனா?
— வாசகி, அம்மாபேட்டை

தாங்குவீர்கள் அம்மா. விமானம் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றை அடைத்துத்தான் வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊருக்குச் சமம். ஏற்காடு சுமார் ஐயாயிரம் அடி, ஊட்டி ஏழாயிரத்துச் சொச்சம். ஆக ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் நடுவிலோ, ஊட்டிக்குக் கொஞ்சம் மேலேயோ உட்கார்ந்திருக்கிற கதைதான். நாலு மணி நேரமும் அடைக்காது, ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான், அதிலும் இறங்கும்போதுதான் ஜாஸ்தி. அந்த நேரத்தில் தூங்காமல் எதையாவது மென்று விழுங்கிக்கொண்டிருங்கள். சளி பிடித்திருந்தால் மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சேலம்–சென்னை விமானத்தில் சேர்வராயன் மலை தெரிகிற மாதிரி எந்தப் பக்கம் சீட் கேட்க வேண்டும்? முன்னாலேயே உட்கார்ந்தால் சீக்கிரம் இறங்கலாம் அல்லவா?
— கல்லூரி மாணவி, கொண்டலாம்பட்டி

மலை ஏர்போர்ட்டுக்கு நேர் கிழக்கே, சென்னை வடகிழக்கே. எனவே போகும்போது வலது பக்க ஜன்னல், வரும்போது இடது பக்கம். காற்றைப் பார்த்து ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து கிளப்பினால் கொஞ்சம் மாறலாம், அப்போதும் வலதுதான் நல்ல பந்தயம். ஏ.டி.ஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைக்காது.

முன் சீட் வேண்டவே வேண்டாம். பெரிய விமானத்தில்தான் அந்தக் கணக்கு. ஏ.டி.ஆரில் முன்பக்கம் சாமான் வைக்கிற இடம், பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால் பக்கம். கடைசி வரிசை கேளுங்கள், முதல் ஆளாக இறங்கி மெட்ரோவுக்கு ஓடலாம்.